கணக்குப் புத்தகம் நம் பிள்ளையின் கைக்கு வரட்டும்

(கல்வி வழிகாட்டிப் பாடம்)



சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வந்ததும் நமது லயங்களில் ஒரு பேச்சு எழும்பும். "புள்ள பாஸ் பண்ணிட்டா, இனி எதைப் படிக்க வைக்கிறது?" என்று அப்பா கேட்பார். பக்கத்துக் காம்பராவில் இருப்பவர் ஒன்று சொல்வார், மாமா வேறொன்று சொல்வார். விஞ்ஞானம் படித்தால் டொக்டர், கலை படித்தால் டீச்சர் என்று எல்லோருக்கும் தெரியும். வர்த்தகப் பிரிவு என்றால் மட்டும், "கொமர்ஸ் படிச்சு என்னாத்துக்கு? கடைசியில கடையில பில்லு போடத்தானே?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை முடித்துவிடுவார்கள்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே இந்தப் பாடத்தை எழுதுகிறோம். வர்த்தகக் கல்வியில் இன்று ஒரு புதிய கிளை வளர்ந்திருக்கிறது. ஒரு கம்பனி எவ்வளவு லாபம் எடுத்தது என்று மட்டும் அது பார்ப்பதில்லை. அந்த லாபம் எடுக்கும்போது மண்ணுக்கு என்ன ஆனது, தண்ணீருக்கு என்ன ஆனது, வேலை செய்த மனிதருக்கு என்ன ஆனது என்றும் கணக்குப் பார்க்கிறது. இதனை நிலைபேறும் சமூகப் பயனும் சார்ந்த வணிகக் கல்வி என்று சொல்லலாம். பெயர் நீளமாக இருக்கிறது. விஷயம் நமக்குப் புதியதல்ல. மலையில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் பாதி தெரிந்த பாடம்தான் இது.

கணக்கை எழுதியது யார்?

முதலில் கொஞ்சம் பழைய கதையைப் பார்ப்போம். நமது முன்னோர் இந்த மலைகளுக்கு வந்த காலத்தில் கடன் கணக்கு பெரிய கங்காணியிடம் இருந்தது. கப்பலுக்கு இவ்வளவு, அரிசிக்கு இவ்வளவு, கம்பளிக்கு இவ்வளவு என்று அவர் எழுதி வைத்ததுதான் கணக்கு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அந்தக் கடன் தொகை எழுதிய 'துண்டு' கூடவே போகும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுக்கும். கடன் தீராது, கை மாறும். 1921ஆம் ஆண்டு அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

துண்டு ஒழிந்தாலும் கணக்கு நம் கைக்கு வரவில்லை. செக்ரோல் கணக்கப்பிள்ளை கையில்; கொழுந்து நிறுவை தராசுக்காரர் கையில்; சம்பளச் சீட்டில் என்னென்ன பிடித்திருக்கிறார்கள் என்பது ஆபிஸ் கிளார்க்குக்குத் தெரியும். அரைப் பேர் ஏன் விழுந்தது என்று கேட்கப் போனால், "புத்தகத்துல அப்பிடித்தான் இருக்கு" என்ற பதில் வரும். 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமை ஆகின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. முதலாளி மாறினார்; கணக்குப் புத்தகம் மேசையின் அந்தப் பக்கத்திலேயே இருந்தது.

நம்மில் எத்தனையோ பேர் தலைமுறை தலைமுறையாக வரவை உண்டாக்கினோம். அந்த வரவை எழுதவும், எழுதியதை வாசிக்கவும், பிழை இருந்தால் சுட்டிக்காட்டவும் நமது பிள்ளைகளில் சிலராவது படிக்க வேண்டாமா? இந்தப் பாடத்தில் நாம் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான்.

கவ்வாத்து சொல்லும் பாடம்

நிலைபேறு என்றால் என்ன? 1987ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை அமைத்த ஓர் ஆணைக்குழு இதற்கு ஒரு விளக்கம் தந்தது. நோர்வே நாட்டின் பிரதமராக இருந்த புருண்ட்லாண்ட் அம்மையார் அதற்குத் தலைமை தாங்கினார். இன்றைய தேவையை நிறைவேற்றும்போது, நாளை வரப்போகும் பிள்ளைகளின் தேவைக்குக் கேடு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம்.

இதை நமது மலைமொழியில் சொன்னால் கவ்வாத்து. ஒரு மலையைக் கவ்வாத்து வெட்டினால் சில மாதங்களுக்கு அதிலே கொழுந்து இல்லை. கணக்கில் அது நட்டம் போலத் தெரியும். "இந்த வருஷம் விட்டுருவோம், கொழுந்து எடுப்போம்" என்று ஒரு துரை நினைத்தால் அந்த ஆண்டின் கணக்கு அழகாக இருக்கும். அடுத்தடுத்த ஆண்டுகளில் செடி உயர்ந்து, வாது முற்றி, பங்கி விழுந்து, கொழுந்து குறைந்துபோகும். கான் வெட்டுவதும் முள்ளுக் குத்துவதும் இப்படித்தான். இன்றைக்குச் செலவு, நாளைக்கு உயிர். கானைத் துப்புரவு செய்யாத மலையில் ஒரு பெரிய மழைக்கு மேல்மண் எல்லாம் ஆற்றுக்குப் போய்விடும். போன மண்ணை எந்தக் கம்பனியும் செக் எழுதி வாங்க முடியாது.

ஆக, நிலைபேறு என்பது வெள்ளைக்காரர் புதிதாகக் கண்டுபிடித்த விஷயமல்ல. அதைக் கணக்குப் புத்தகத்தில் எப்படி எழுதுவது என்பதுதான் புதிது. 1994ஆம் ஆண்டு ஜோன் எல்கிங்டன் என்ற ஆங்கிலேயர், கம்பனிகள் ஒரு கணக்கை மட்டும் பார்க்காமல் மூன்று கணக்குப் பார்க்க வேண்டும் என்றார். பணக் கணக்கு ஒன்று, மனிதர் கணக்கு ஒன்று, பூமியின் கணக்கு ஒன்று. இந்த மூன்று கணக்குத்தான் நாம் பேசும் பட்டப்படிப்பின் அடிப்படை.

இரண்டு பழைய பாடங்கள்

மூன்றில் ஒன்றை மறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நமது நாட்டிலேயே இரண்டு சாட்சிகள் உண்டு.

முதலாவது கோப்பி. தேயிலைக்கு முன்னர் இந்த மலைகளில் கோப்பிதான் இருந்தது. காட்டை வெட்டி மலை மலையாக ஒரே பயிரை வைத்தார்கள். லாபம் நன்றாக வந்தது. 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் ஒரு துரு நோய் தென்பட்டது. ஒரே பயிர் தொடர்ந்து நின்றதால் நோய் தடையில்லாமல் பரவியது. இருபது ஆண்டுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை வைத்திருந்தபடியால் துரைமாருக்கு மாற்று வழி கிடைத்தது. வேலை போன தொழிலாளிக்கு யார் கணக்குப் பார்த்தார்கள்?

இரண்டாவது நாம் எல்லோரும் கண்ணால் கண்டது. 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. இயற்கை உரம் நல்லதுதான். ஆனால் எவ்வளவு இயற்கை உரம் தேவை, அது எங்கிருந்து வரும், மண் பழகுவதற்கு எத்தனை ஆண்டு வேண்டும் என்ற கணக்குப் போடாமல் ஒரே நாளில் செய்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் தடையை நீக்கினார்கள். அதற்குள் அடி விழுந்துவிட்டது. பிறகு நாட்டின் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 251 மில்லியன் கிலோவாகக் குறைந்தது. கொழுந்து இல்லாத மலையில் பேர் இல்லை, கைக்காசு இல்லை. அந்த நாள்களில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது நமக்குத் தெரியும்.

கோப்பியில் பூமியின் கணக்கை மறந்தார்கள். உரத் தடையில் பூமியின் பேரைச் சொல்லிப் பணக் கணக்கையும் மனிதர் கணக்கையும் மறந்தார்கள். இரண்டிலும் விலை கொடுத்தது லயத்து வீடுகள்தான். ஆகவே மூன்று கணக்கையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் வேண்டும்.

நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இந்தப் படிப்பு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு சிறு கணக்கைச் செய்வோம். பேனாவும் கொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த எண்கள் கற்பதற்காக நாம் எடுத்தவை. எந்தத் தோட்டத்தின் விலையும் அல்ல. உங்கள் தோட்டத்து எண்களைப் போட்டு நீங்களே திரும்பச் செய்து பாருங்கள்.

இப்போது பல இடங்களில் ஒரு துண்டு மலையைக் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோ விலைக்கு எடுக்கும் முறை வந்திருக்கிறது. அப்படி ஒரு குடும்பம் மலை எடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு மாத வரவு: 900 கிலோ கொழுந்து, கிலோ 150 ரூபா. மொத்தம் 135,000 ரூபா.

ஒரு மாதச் செலவு: உரம் 30,000; புல் மருந்து 5,000; லொறிக் கூலி 9,000; சாக்கு, கத்தி, மற்றவை 3,000. மொத்தம் 47,000 ரூபா.

மீதி: 88,000 ரூபா.

"பரவாயில்லையே, நல்லா மிச்சமாகுதே!" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். சாதாரணப் பணக் கணக்கு இங்கே முடிகிறது. மூன்று கணக்குப் படித்த பிள்ளை இங்கேதான் ஆரம்பிப்பாள்.

அப்பா 24 நாள், அம்மா 24 நாள், மொத்தம் 48 நாள் வேலை செய்திருக்கிறார்கள். ஒரு நாளுக்கு 1,500 ரூபா என்று வைத்தால் 72,000 ரூபா. இது அவர்களுடைய கூலி, லாபம் அல்ல. 88,000இல் இதைக் கழித்தால் மீதி 16,000.

தோட்டத்தில் பேர் போட்டு வேலை செய்தால் முதலாளி தன் பங்குக்குச் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 12உம், நம்பிக்கை நிதிக்கு நூற்றுக்கு 3உம் கட்ட வேண்டும். இங்கே கட்ட யாரும் இல்லை. 72,000இல் நூற்றுக்கு 15 என்றால் 10,800 ரூபா. இது முதுமைக்கு இல்லாமல் போகும் பணம். கழித்தால் மீதி 5,200.

பதினொராம் வகுப்பில் படிக்கும் மகன் வாரத்தில் இரண்டு நாள் பாடசாலைக்குப் போகாமல் கொழுந்து சுமக்கிறான். மாதத்துக்கு 8 நாள். அந்த வேலைக்கு வெளியே ஓர் ஆள் பிடித்திருந்தால் 12,000 ரூபா ஆகியிருக்கும். அதையும் கழித்தால் மீதி இல்லை. 6,800 ரூபா துண்டு விழுகிறது.

இன்னும் மண்ணின் கணக்குக்கு நாம் வரவே இல்லை. அந்தத் துண்டு மலையில் கான் யார் வெட்டுவது? கவ்வாத்துக் காலத்தில் கொழுந்து இல்லாத மாதங்களுக்கு யார் பொறுப்பு? அந்தப் பையன் இழந்த 8 நாள் பாடத்துக்கு எந்த விலையைப் போடுவது?

இதனால் இந்த முறையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. விலை சரியாக இருந்தால், உரச் செலவைக் கம்பனி பங்கிட்டால், கவ்வாத்து மாதங்களுக்கு ஓர் ஏற்பாடு இருந்தால் அதே மலை குடும்பத்துக்கு நல்ல வாழ்க்கையைத் தரக்கூடும். ஆனால் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைப்பதற்கு முன்னர் இந்தக் கணக்கை ஒருவர் போட்டுக் காட்ட வேண்டும். "தொர நல்லவர், பாத்துக்குவார்" என்று சொல்லிக் கையொப்பம் வைக்கக் கூடாது. துரை நல்லவராகவே இருக்கட்டும். கணக்கு வேறு, நல்ல மனசு வேறு.

பட்டப்படிப்பில் என்ன படிப்பார்கள்?

வணிகம் அல்லது முகாமைத்துவப் பட்டம் பொதுவாக மூன்று அல்லது நான்கு ஆண்டு. ஆரம்பத்தில் கணக்கீடு, பொருளியல், புள்ளிவிவரவியல், வணிகச் சட்டம், ஆங்கிலம், கணினி ஆகியவற்றைப் படிப்பார்கள். இவை அத்திவாரம். அத்திவாரம் இல்லாமல் நிலைபேறு பற்றிப் பேசினால் அது மேடைப் பேச்சாகத்தான் இருக்கும்.

அதற்கு மேலே வரும் பாடங்கள்தான் நாம் சொல்லும் கிளை. ஒரு பண்டம் மலையிலிருந்து கடைத்தட்டு வரை எப்படிப் போகிறது, வழியில் யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று பார்ப்பது ஒரு பாடம். தண்ணீர், விறகு, மின்சாரம், கழிவு ஆகியவற்றை எண்ணில் எழுதுவது இன்னொரு பாடம். தொழிலாளர் உரிமை, பெண்கள் பாதுகாப்பு, சுகாதாரம் ஆகியவற்றை ஒரு கம்பனி எப்படிக் கவனிக்கிறது என்று அளப்பது வேறொரு பாடம். லாபத்தை ஊருக்கே திருப்பிவிடும் தொழில்களை எப்படி நடத்துவது என்பதும் ஒரு பாடம். கூட்டுறவுச் சங்கம் இதற்குப் பழைய, நல்ல உதாரணம்.

இதெல்லாம் கொழும்பில் இருக்கிற பெரிய இடத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். சில தோட்டங்களில் நியாய வணிகச் சான்றிதழ் இருக்கிறது. அந்தச் சான்றிதழுடன் தேயிலை விற்றால் விலைக்கு மேலே ஒரு தொகை தொழிலாளருக்கென்று தனியாக வரும். அதை எதற்குச் செலவழிப்பது என்று தொழிலாளர் தெரிவு செய்த குழு தீர்மானிக்க வேண்டும். வேறு தோட்டங்களில் பச்சைத் தவளைச் சின்னம் பார்த்திருப்பீர்கள். அது மழைக்காட்டுக் கூட்டமைப்பின் சான்றிதழ். மருந்தடிக்கும்போது கையுறை இருக்கிறதா, ஆற்றோரம் மரம் விட்டிருக்கிறதா, சிறுவர்களை வேலைக்கு வைக்கிறார்களா என்று பார்க்க ஆள் வருவார்கள். வருகிறவர் ஆங்கிலத்தில் கேட்பார், தோட்டத்து ஆபிஸர் மொழிபெயர்ப்பார், நாம் தலையாட்டுவோம். அந்தப் பரிசோதகரே லயத்தில் பிறந்த பிள்ளையாக இருந்தால் கேள்வியும் வேறு, பதிலும் வேறு.

வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்களும் இப்போது கேள்வி கேட்கிறார்கள். 2015இல் பிரித்தானியாவிலும், 2023 ஜனவரியில் ஜெர்மனியிலும் இதற்கான சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. தாங்கள் வாங்கும் பண்டம் எப்படி உண்டானது, அங்கே மனிதர் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று பெரிய கம்பனிகள் கவனிக்க வேண்டிய நிலை உண்டானது. அதனால் நமது ஏற்றுமதிக் கம்பனிகளுக்கும் இந்தக் கணக்குத் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள்.

படித்தவர்கள் எங்கே வேலை செய்யலாம்? பெருந்தோட்டக் கம்பனிகளின் நிலைபேற்றுப் பிரிவு, தேயிலை ஏற்றுமதி நிறுவனங்கள், ஆடைத் தொழிற்சாலைகள், சான்றிதழ் பரிசோதனை நிறுவனங்கள், வங்கிகள், கூட்டுறவுச் சங்கங்கள், தொண்டு நிறுவனங்கள், அரசாங்கச் சேவை என்று பல வழிகள் உண்டு. சொந்தத் தொழிலும் ஆரம்பிக்கலாம். பட்டம் பெற்ற மறுநாளே வேலை வந்து கதவைத் தட்டும் என்று நாம் வாக்குக் கொடுக்க மாட்டோம். கணக்கீடு நன்றாகத் தெரிந்து, ஆங்கிலமும் சிங்களமும் பேச வந்தால் வழி திறக்கும்.

நல்ல பேரைக் கண்டு ஏமாறாமல் இருப்பதற்கும்

இந்தப் படிப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. 'சமூகப் பயன்' என்று பேர் வைத்ததெல்லாம் சமூகத்துக்குப் பயன் தருவதில்லை. அதைப் பிரித்து அறியவும் இது கற்றுக்கொடுக்கும்.

நுண்கடனை எடுத்துப் பாருங்கள். வங்காளதேசத்தில் பேராசிரியர் முகம்மது யூனுஸ் 1976இல் ஏழைப் பெண்களுக்குச் சிறு கடன் கொடுக்க ஆரம்பித்தார். 1983இல் அது கிராமீன் வங்கியானது. 2006இல் அவருக்கும் வங்கிக்கும் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதே பேரில் நமது ஊர்களுக்கு வந்தது என்ன? வாரா வாரம் வாசலில் ஆள் வந்து நிற்கிற கடன், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த நுண்கடன்களில் ஒரு பகுதியை 2018இல் அரசாங்கமே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. பேர் ஒன்றுதான், வட்டியும் நிபந்தனையும் வேறு. "வாரத்துக்கு இவ்வளவுதான்" என்று சொல்பவரிடம், "வருஷத்துக்கு நூத்துக்கு எவ்வளவு வட்டி விழுது?" என்று திருப்பிக் கேட்க ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் அது எவ்வளவு பெரிய காவல்!

எப்படிப் போய்ச் சேர்வது?

1. சாதாரண தரத்தில் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் கைவிட வேண்டாம். வர்த்தகப் பிரிவுக்குப் பெரிய கணிதம் வேண்டியதில்லை. ஆனால் எண்ணைக் கண்டு பயப்படாத மனம் வேண்டும்.

2. உயர் தரத்தில் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் ஆகிய மூன்றும் பிரதான பாடங்கள். விஞ்ஞான ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையிலும் இவற்றைப் படிக்கலாம் என்பது நமது பிள்ளைகளுக்கு ஒரு வசதி. நல்ல ஆசிரியரும் பழைய வினாத்தாளும் இருந்தால் போதும்.

3. பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளி கொண்டு நடக்கிறது. நூற்றுக்கு 40 இடம் நாடு முழுவதற்குமான திறமை வரிசையில். 55 இடம் மாவட்ட வரிசையில். 5 இடம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி ஆகிய மாவட்டங்கள் இந்தப் பதினாறில் அடங்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைந்நூலை வாங்கி, அந்த ஆண்டுக்குரிய விதிகளை ஆசிரியருடன் உட்கார்ந்து வாசியுங்கள். விண்ணப்பத்தில் பாடநெறிகளை எழுதும் வரிசையில் கவனம் வேண்டும்.

4. யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்கு, வவுனியா, பேராதனை, கொழும்பு, களனி, ஸ்ரீ ஜயவர்தனபுர முதலிய அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் வணிகம் அல்லது முகாமைத்துவம் படிக்கலாம். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. பெலிஹுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் சூழல்சார் வணிக முகாமைத்துவம் என்ற பெயரிலேயே ஒரு பட்டம் உண்டு. மற்ற இடங்களில் பட்டத்தின் பெயரில் 'நிலைபேறு' இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். பாடமாக எடுக்கலாம்; இறுதி ஆண்டு ஆய்வை நமது தோட்டத்தைப் பற்றியே செய்யலாம்.

5. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. குறைந்த வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மகாபொல அல்லது பர்சரி உதவி கிடைக்கும். தங்கவும் சாப்பிடவும் போகவரவும் மேலே செலவு உண்டு. அதை முன்கூட்டியே எழுதிப் பாருங்கள்.

6. இடம் கிடைக்காவிட்டால் கதை முடிந்ததல்ல. திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே முகாமைத்துவப் பட்டம் படிக்கலாம். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் அதற்குக் கற்கை நிலையங்கள் உண்டு. அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும், தவணையாகவும் கட்டலாமா என்று கேட்டறியுங்கள். கண்டி, பதுளை முதலிய இடங்களிலுள்ள உயர் தொழில்நுட்பவியல் நிறுவகங்களில் கணக்கியல் உயர் டிப்ளோமாவும் நல்ல வழி.

7. தனியார் நிறுவனங்கள் வெளிநாட்டுப் பட்டம் என்று விளம்பரம் செய்கின்றன. நல்லவையும் உண்டு. ஆனால் நகையை அடகு வைப்பதற்கு முன்னர், அந்தப் பட்டத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா, முழுச் செலவு எவ்வளவு, இடையில் நின்றால் பணம் திரும்புமா என்ற மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பல வீடுகளில் பிள்ளையின் படிப்பு நிற்பது பெறுபேற்றால் அல்ல. பெறுபேறு வர எடுக்கும் மாதங்களால்தான். உயர் தரம் எழுதிய பெண் பிள்ளை சும்மா இருக்கிறாள் என்று கொழும்புக்கு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். கையில் சம்பளம் வந்த பிறகு பல்கலைக்கழகக் கடிதம் வந்தாலும் வீட்டில், "இப்ப எதுக்கு?" என்று கேட்பார்கள். வேலைக்குப் போவது குற்றமல்ல. கடன் இருக்கிற வீட்டில் என்ன செய்வது? ஆனால் அந்த மாதங்களில் ஆங்கிலமும் கணினியும் படிக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று பாருங்கள். நம்பிக்கை நிலையத்தின் உத்தியோகத்தரிடமும் கேளுங்கள்.

இன்னொரு பயமும் இருக்கிறது. வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் நமக்குத் தெரியும். "படிச்சுட்டா நம்மள மறந்துருவா. லயத்துல பொறந்தேன்னு சொல்லக்கூட வெக்கப்படுவா." அப்படி நடந்ததும் உண்டு. அதற்குப் பிள்ளையை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. மலை வேலையை வெட்கம் என்று நாமே சொல்லி வளர்த்தால் அவள் எப்படித் திரும்பிப் பார்ப்பாள்? கவ்வாத்து ஏன் வெட்டுகிறோம், கான் ஏன் வெட்டுகிறோம், ஐந்து கிலோ கொழுந்து ஏறத்தாழ ஒரு கிலோ தூளாவது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பல்கலைக்கழகத்தில் அதே விஷயம் புத்தகத்தில் வரும்போது, "இது எங்கம்மாவுக்குத் தெரிஞ்சதுதானே" என்று அவள் நிமிர்ந்து உட்காருவாள். அந்தப் பிள்ளை மறக்க மாட்டாள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. படித்து முடித்து எல்லோரும் தோட்டத்துக்கே திரும்ப வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. எங்கே மேசை கிடைத்தாலும் உட்காருங்கள். ஆனால் அந்த மேசைக்கு ஒரு கணக்கு வரும்போது, அதில் எழுதப்படாமல் போன ஆட்களைத் தேடுங்கள். கூலி எழுதாத அம்மா, பாடசாலை போகாத தம்பி, ஆற்றோடு போன மண். இவர்களுக்கும் ஒரு வரி போட்டுக் கணக்கை முடியுங்கள்.

வீட்டில் பேசிப் பார்க்கச் சில கேள்விகள்

1. கடந்த மாதச் சம்பளச் சீட்டில் எத்தனை பிடிப்பனவுகள் உண்டு? ஒவ்வொன்றும் எதற்கு என்று வீட்டில் யாருக்குத் தெரியும்?

2. மேலே போட்ட கணக்கில் கொழுந்து விலை கிலோவுக்கு எவ்வளவாக இருந்தால் 6,800 ரூபா நட்டம் இல்லாமல் போகும்? (900 கிலோவால் பிரித்துப் பாருங்கள். கிலோவுக்கு ஏறத்தாழ 7 ரூபா 56 சதம் கூட வேண்டும். அந்த ஏழரை ரூபாவில் ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடம் இருக்கிறது.)

3. உங்கள் மலையில் கடைசியாகக் கான் வெட்டியது எப்போது? அந்தச் செலவை மிச்சம் பிடித்தது யார், அதனால் இழக்கப்போவது யார்?

4. உங்கள் வீட்டுப் பிள்ளை உயர் தரத்தில் எந்தப் பிரிவை விரும்புகிறது? அதை நீங்கள் கேட்டீர்களா, அல்லது நீங்களே தீர்மானித்தீர்களா?

விடைகளை ஒரு கொப்பியில் பிள்ளையின் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். உங்கள் வீட்டின் முதல் கணக்குப் புத்தகமாக அது இருக்கட்டும்.